ஆடும் பல்லுக்கு மாத்திரை போதுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 61 வயது. சர்க்கரை உண்டு. ரொம்ப நாளாகவே பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வருகிறது. இப்போது கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன, வாய் நாற்றமும் இருக்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் நாலைந்து நாள் அடங்கும், மறுபடி வந்துவிடும். "பல்லைக் கிளீன் பண்ணினால் இருக்கிறதும் ஆடிப்போகும்" என்று டாக்டரிடம் வர மறுக்கிறார். கிருமிதான் காரணம் என்றால் மாத்திரையே போதாதா?
- வாசகி, தேவகோட்டை

பதில் (பல் மருத்துவர், காரைக்குடி):

போதாது, சகோதரி. அந்த நாலைந்து நாள் அடங்குவதை நம்பித்தான் பலர் பல்லை விட்டுவிடுகிறார்கள்.

வாயில் கிருமி இல்லாத மனிதர் கிடையாது. நூற்றுக்கணக்கான வகைகள், பெரும்பாலும் சாதுவானவை. சரியாகத் துலக்காவிட்டால் ஈறின் ஓரத்தில் படலமாகப் படியும். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆய்வாளர் ஈறு நன்றாக இருந்த சிலரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழன்றது. மறுபடி துலக்கியதும் சரியாகிவிட்டது. அந்தக் கட்டத்தை உங்கள் மாமியார் தாண்டிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கைக் கோடு போட்ட மெல்லிய கம்பியால் அளப்போம். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. ஆடும் பல்லில் 6, 7 என்று கம்பி இறங்கும், வெளியே எடுக்கும்போதே இரத்தம் கசியும். காற்றுப் புகாத அந்த ஆழத்தில்தான் பொல்லாத கூட்டம் குடியிருக்கிறது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபார்சிதியா, ட்ரெப்போனீமா டென்டிகோலா என்ற மூன்றையும் 1998-இல் சாக்ரான்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் 'சிவப்புக் கூட்டம்' என்று வகைப்படுத்தினார்கள். முதலாவது கிருமி கொஞ்சமாக இருந்தாலே போதும். இரத்தத்தின் இரும்புச்சத்தை எடுத்து வளரும், புரதத்தை அரிக்கும் நொதியைச் சுரக்கும், நம் உடலின் காவல் அணுக்களைத் திசைதிருப்பும். அப்புறம் சாதுவாக இருந்தவையும் அதோடு சேர்ந்துகொள்ளும். பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் கிருமி நேராகச் செய்யும் வேலை இல்லை. அதை விரட்ட முடியாமல் நம் உடல் நடத்தும் ஓயாத சண்டையில்தான் எலும்பு கரைகிறது. சர்க்கரை ஏறியிருந்தால் அந்தச் சண்டை மூர்க்கமாகும். ஈறு புண்ணாக இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது.

சரி, மாத்திரை ஏன் போதாது? இந்தக் கிருமிகள் ஒன்றோடொன்று பசைபோல ஒட்டி வாழ்கின்றன. ஊருணிப் படியில் பிடித்த பாசி, தண்ணீரில் மருந்தைக் கொட்டினால் போகுமா? தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சிலருக்கு மாத்திரையும் தருவோம், ஆனால் சுரண்டி எடுப்பதோடு சேர்த்துத்தான்.

ஆச்சியின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கீழ் முன்பற்களுக்குப் பின்னால் நாக்கை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது, அதனால் காரை, அதாவது கல்லாக இறுகிய அந்தப் படலம், அதிகம் படியும் இடம் அது. பல்லோடு பல்லாக ஒட்டி, ஆட்டத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் உண்மையான ஆட்டம் தெரியும், ஈறு வீக்கம் வற்றி இடைவெளியும் தெரியும். கொஞ்ச நாள் பல் கூசும். பல்லை ஆட்டியது கரைந்த எலும்பு, எங்கள் கருவி இல்லை. ஈறு இறுகியதும் பல பற்கள் ஓரளவு நிலைகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. பக்கவாட்டில் ஆடும் பல்லுக்கு நம்பிக்கை உண்டு, மேலும் கீழும் ஆடினால் எடுக்க வேண்டியிருக்கும்.

வெற்றிலையோடு புகையிலை போடுபவராக இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சுத்தம் செய்தபின் பல் இடுக்குக்கான சின்ன பிரஷ்ஷைத் தினமும் போட வேண்டும், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் கடைசியாக எடுத்த சர்க்கரைச் சோதனைச் சீட்டைக் கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை நீங்களாக நிறுத்தாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.