முடி கொட்டாது என்ற பேச்சை நம்பி நாய்க்குட்டி வாங்காதீர்கள், தம்பி

மெல்பர்ன் வந்து ஐந்து மாதம், கூட வேலை பார்ப்பவர் வீட்டு கவூடில் (கவாலியர் ஸ்பானியலும் பூடிலும் கலந்த நாய்) சினையாக இருக்கிறது, ஒரு குட்டி தருகிறேன் என்கிறார், மனைவிக்கு வீசிங் உண்டு, ஆனால் பூடில் கலப்பில் அலர்ஜி வராதாமே, வாடகை வீட்டில் விடுவார்களா, செலவு எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாடகை சின்ன விஷயம். நம் விக்டோரியா மாநிலத்தில் 2020 மார்ச்சில் இருந்து வீட்டுக்காரரிடம் எழுதி அனுமதி கேட்டால் போதும், சரியான காரணம் இல்லாமல் அவர் மறுக்க முடியாது. செலவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எனக்குப் பயம் அந்த அலர்ஜிப் பேச்சில்தான்.

இந்தக் கலப்பு மோகம் தொடங்கியதே நம் ஊரில்தான், அதாவது இந்த மெல்பர்னில். ஹவாயில் இருந்த பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு, கணவரின் அலர்ஜியைத் தூண்டாத வழிகாட்டி நாய் வேண்டும் என்று 1989-ல் இங்கே வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வேலை பார்த்த வாலி கான்ரன் என்பவர் லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள். முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே வயிற்றில் பிறந்த மூன்றிலேயே அப்படி! அலர்ஜி தருவது முடி இல்லை தம்பி, எச்சிலிலும் தோல் பொடியிலும் இருக்கும் புரதம். சுருட்டை முடி நாய்க்கும் எச்சில் உண்டு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2006-ல் மெல்பர்ன் புறநகரான டாண்டினாங்கில் ஒரு ரூமில் எங்கள் முதல் குளிர்காலம். என் கணவருக்கு நைட் ஷிஃப்ட், எனக்குப் பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டு கிரேக்கப் பாட்டியின் நாய் வேலி இடுக்கில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், அதனால்தான் அந்தப் பாட்டியிடமே பேச ஆரம்பித்தேன். ஊரில் நாயை வாசலுக்குள் விடாத குடும்பத்தில் வளர்ந்தவள் நான், சொந்த வீடு வாங்கியதும் ஒரு ஸ்பூடிலை (காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கலந்தது) வீட்டுக்குள் வைத்து வளர்த்தேன், அதில் எனக்குப் பெருமைதான்.

2012-ல் அது ஐந்து குட்டி போட்டது. மூன்று சுருட்டை, இரண்டுக்கு அப்பன் காக்கரின் நேர் முடி, அவை சோபா முழுக்க உதிர்த்தன. சுருட்டையில் ஒன்றை நம் தமிழ்க் குடும்பம் ஒன்று ஆசையாக வாங்கிப்போனது, பையனுக்கு ஆஸ்துமா. முடி கொட்டாது, பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பியவள் நான்தான். நாலு மாதத்தில் பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், குட்டி திரும்பி வந்தது. வந்ததும் இரண்டு நாள் சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. இன்றைக்கும் அந்தக் குற்ற உணர்ச்சி போகவில்லை. அவர்களாவது வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். பிள்ளை பிறந்தநாளுக்கு வாங்கிவிட்டு, டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது விற்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்களை எனக்கு மன்னிக்கவே முடியவில்லை.

அதனால் இப்போதே மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்தத் தாய் நாய் இருக்கும் வீட்டுக்குப் போங்கள். ஒரு நாள் இல்லை, நாலைந்து தடவை, மணிக்கணக்கில், கம்பளத்தில் உட்கார்ந்து. குட்டிகள் கொஞ்சம் வளர்ந்த பிறகும் போங்கள். டாக்டரையும் கேளுங்கள். அதுவரை உங்கள் மகளிடம் குட்டியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். எட்டு வாரம் ஆகாமலோ மைக்ரோசிப் இல்லாமலோ தந்தால் வாங்காதீர்கள். அப்புறம், சாம்பார் வெங்காயமும் பாயசத்து திராட்சையும் நாய்க்கு விஷம், இதை இங்கே யாரும் நமக்குச் சொல்வதில்லை.

பிரசவத்தன்று போகாதீர்கள், புது ஆள் வந்தால் அது மிரளும். எங்கள் நாய்க்கு ஜூலைக் குளிரில், சினையான அறுபத்திரண்டாம் நாள் ராத்திரி, உடம்புச் சூடு 37 டிகிரிக்குக் கீழே இறங்கியபோதே குட்டி போடப்போகிறது என்று தெரிந்துவிட்டது. கடைசிக் குட்டி மூச்சு விடவில்லை, துண்டால் தேய்த்துக்கொண்டே இருந்தேன், கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அது குட்டி போட்ட பெட்டியில் அம்மாவின் பழைய நூல் சேலையை விரித்திருந்தேன். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் அந்த நாய் வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், இங்கே கடையில் வாங்கும் எந்தத் துணியும் அவ்வளவு மென்மையாக இருக்காது.