தாடை எலும்பு கரைகிறது: ஆர்.என்.ஏ. பரிசோதனைக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: ஈறு நோயால் பல்லைத் தாங்கும் எலும்பு குறைந்துவிட்டதாக எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்னார். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கு இதில் பங்குண்டு, உமிழ்நீரிலேயே அளக்கலாம் என்று படித்தேன். பல் வேரைச் சுத்தம் செய்யும் சிகிச்சையைத் தள்ளிவைத்து, முதலில் அந்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து தள்ளிவைக்காதீர்கள். நீங்கள் படித்தது பொய்யல்ல. ஆனால் அந்த அளவை வைத்து உங்கள் சிகிச்சையை முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் இருக்கும், சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள சிறு இழை. தான் புரதமாக மாறாது. மற்ற மரபணுக்கள் எவ்வளவு புரதம் தயாரிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும். இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஈறு நோயில் எலும்பைக் கரைப்பது கிருமி நேரடியாக அல்ல, நம் உடலின் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள்தான். கிருமியைக் கண்டு எழும் அழற்சி, ‘ராங்க்-எல்’ என்ற புரதத்தைப் பெருக்கி அவற்றை உருவாக்குகிறது. கிருமி எச்சரிக்கை, ராங்க்-எல் கட்டளை இரண்டுமே செல்லுக்குள் ‘டிராஃப்-6’ என்ற ஒரே புரதத்தின் வழியாகச் செல்கின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ. 146ஏ அந்த டிராஃப்-6ஐயே குறைக்கிறது. அதாவது அழற்சிக்கும் எலும்புக் கரைவுக்கும் சேர்த்து அது ஒரு பிரேக். மைக்ரோ ஆர்.என்.ஏ. 155 பெரும்பாலும் எதிர்த்திசையில் வேலை செய்து, அழற்சியை அடக்கும் புரதங்களைக் குறைத்துவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். நோயுற்ற ஈறுகளில் இந்த இரண்டுமே கூடியிருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. 146ஏ கூடினால், நோய் முற்றுகிறதா, உடல் அதை அடக்கப் பார்க்கிறதா? எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. பல மரபணுக்களைத் தொடுகிறது. அதை மருந்தாக்குவது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அழற்சியைத் தூண்டும் கிருமிப் படலமோ இன்றே அகற்றக்கூடியது.

ஆகவே ஈறுக்கடியில் படிந்த காரையையும் கிருமிப் படலத்தையும் நீக்கிவிடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். கட்டுப்படாத சர்க்கரை எலும்பு இழப்பை வேகப்படுத்தும். போன எலும்பு பெரும்பாலும் தானாக வளராது, இருப்பதைக் காக்கலாம். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போகும்போது ஈறுப்பை (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள இடைவெளி) எத்தனை மில்லிமீட்டர் ஆழம், தொட்டால் ரத்தம் வருகிறதா என்று கேளுங்கள். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமிருந்து ரத்தமும் கசிந்தால், அந்த இடத்துக்கு அடுத்த சிகிச்சை என்ன என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.