இலை வேஷம் வேண்டாம், முளைப்பாரி போடுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பது வீடுகள். பிள்ளைகளுக்கு மண்ணோடு ஒட்டே இல்லை. பொங்கலுக்கு இலை, பூ வேஷம் கட்டி நடனம் வைக்கலாம் என்கிறார்கள். பயன் இருக்குமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: வேஷம் கலைந்ததும் எல்லாம் மறந்துபோகும். ஆடுவதற்கு முன் எதையாவது வளர்த்திருக்க வேண்டும். கூடையில் பயறுகளை முளைக்கவைத்து, அதைச் சுற்றிக் கும்மியடிக்கும் மதுரை, இராமநாதபுரம் பக்கத்து முளைப்பாரியில் அந்த வரிசை இருக்கிறது: முதலில் விதை, அப்புறம் கும்மி. அங்கே அது அம்மனுக்கு நேர்ந்து, விரதமிருந்து செய்வது. வளர்ப்பையும் கும்மியையும் மட்டும்தான் எடுத்துக்கொள்கிறோம் என்று எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விழாவுக்கு ஒன்பது நாள் முன்பு விதையுங்கள். நான்கு வீட்டுக்கு ஒரு மூங்கில் கூடை, ஓரடி அகலத்தில். அடியில் வைக்கோல், மேலே மூன்று பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு காய்ந்த சாணத்தூளும் கலந்து மூன்று அங்குலம். பச்சைச் சாணம் சூடேறி முளையைக் கருக்கிவிடும். கூடைக்கு 150 கிராம் விதை: பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, துவரை, சோளம். உடைத்த பருப்பு முளைக்காது. சாயம் பூசிய விதை மருந்து கலந்தது, பிள்ளைகள் கையில் தராதீர்கள். எட்டு மணி நேரம் ஊறினால் போதும். பாசிப்பயறு முந்திக்கொள்ளும், ஆகவே மொச்சையையும் துவரையையும் ஒரு நாள் முன்னதாக விதைத்துவிடுங்கள்.

கூடைகள் இருட்டறையில் இருக்கட்டும். வெளிச்சம் தேடி முளைகள் வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று நீளும். ஒரு கூடையை மட்டும் ஜன்னலோரம் வையுங்கள். அது பச்சையாக, குட்டையாக நிற்கும். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். காலையும் மாலையும் கையால் தெளித்தால் போதும், ஊற்றக்கூடாது. வேரில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் உடனே பதற வேண்டாம்: தண்ணீர் பட்டதும் படிந்துவிட்டால் அது வேர்த்தூவி (வேரின் இயல்பான மெல்லிய முடி), படியாமல் நூலாம்படை மாதிரி விதைக்கு விதை ஓடி, வாடையும் அடித்தால் பூஞ்சணம். அந்தக் கொத்தைப் பிடுங்கிவிட்டு, ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டம் கொடுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் மாலையில் கால் மணி நேரம் கூடைகளை நடுவில் வைத்துக் கும்மி. வட்டத்துக்குப் பதினாறு பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் கைத்தட்டு ஒன்றுசேராமல் தாளம் உடையும். ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். அன்று கூடையில் கண்டதை ஒரு பிள்ளை ஒரு வரியாகச் சேர்க்கட்டும்: "மொச்சை தலைதூக்கலையே!" ஒலிபெருக்கியில் பதிவுப் பாட்டு வைத்தால் இதற்கு இடமே இருக்காது. இளசுகள் கைத்தட்டை வேகப்படுத்திவிடுவார்கள். ஆகவே அடியெடுப்பது ஒரு பெரியம்மாவாக இருக்கட்டும். குனிந்து நிமிரும்போது வட்டம் விரியும், கோலமாவால் தரையில் கோடு போட்டுவிடுங்கள்.

விழா முடிந்ததும் முளைகளை உரக்குழிக்குக் கொடுங்கள். நட்டு வளர்க்க ஆசைப்பட்டால் சட்டென்று வெயிலில் வைக்காதீர்கள், துவண்டுவிடும். இரண்டு மூன்று நாள் நிழலில் பச்சை பிடித்தபின், வேர்மண் உதிராமல் பெயர்த்து நடுங்கள்.