பயனில்லாதவற்றுக்கு ஒரு பக்கம்

கேள்வி: இணைய விசித்திரங்கள், வினோதக் கருவிகள் என்று பயனில்லாத விஷயங்களுக்கே இடம் கொடுக்கிறீர்களே! அதற்குப் பதிலாக, வீட்டுக்கு உதவும் நல்ல ஸ்மார்ட் கருவி ஒன்றைச் சொல்லக் கூடாதா?

பதில்: கருவியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். "பயனில்லாத" என்று எழுதிவிட்டீர்கள், அதை முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.

உலகத்திலேயே பயனில்லாத கருவி எது என்று போட்டி வைத்தால், முதல் பரிசு ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியின் மேல் ஒரே ஒரு ஸ்விட்ச். அதைப் போட்டால் மூடி திறக்கும், உள்ளிருந்து ஒரு கை வரும், ஸ்விட்சை அணைக்கும், உள்ளே போய்விடும். அவ்வளவுதான். 1952-இல் அமெரிக்க டெலிபோன் கம்பெனியின் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, பின்னாளில் செயற்கை நுண்ணறிவின் முன்னோடி என்று பெயர் பெற்ற மார்வின் மின்ஸ்கிக்கு வந்த யோசனை இது. செய்து மேஜையில் வைத்துக்கொண்டவர் கிளாட் ஷானன். எந்தச் செய்தியையும் பிட் கணக்கில், அதாவது 0, 1 என்ற இரண்டே குறிகளின் கணக்கில் அளக்கலாம் என்று 1948-இல் கட்டுரை எழுதினாரே, அதே ஷானன். கைபேசியில் நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் அந்தக் கணிதத்தின் தயவில்தான் மறுமுனைக்குச் சிதையாமல் போகிறது. அவர் ரோமன் எண்களில் கணக்குப் போடும் கருவியும் செய்தார், பந்து வித்தை காட்டும் பொம்மையும் செய்தார். 1950-இல் அவர் செய்த எலி, சுற்றுவழிப் பாதையில் முட்டி மோதி வழி கண்டுபிடித்து, அடுத்த முறை தவறாமல் அதே வழியில் ஓடியது. எலியின் மூளை எலிக்குள் இல்லை. தரைப்பலகைக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களாக, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகளாக இருந்தது! இந்த விளையாட்டையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, கட்டுரை எழுதிய ஷானனை மட்டும் எப்படித் தனியே பிரித்தெடுப்பீர்கள்?

அடுத்து, புறாக்கள். இவற்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இணையம் எப்படி இயங்க வேண்டும் என்ற விதிகளை எண் போட்டு ஆவணங்களாக வெளியிடுவது வழக்கம். 1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வெய்ட்ஸ்மன் எழுதிய 1149-ஆம் ஆவணம், இணையத் தகவலைப் புறாக்கள் மூலம் அனுப்பும் முறையை விவரித்தது. இணையத்தில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும். அந்தப் பொட்டலத்தைத் தாளில் அச்சிட வேண்டும், சுருட்டிப் புறாவின் காலில் சுற்ற வேண்டும், ஒட்டுநாடா போட்டு ஒட்ட வேண்டும். முட்டாள்கள் தினத்து நகைச்சுவைதான். ஆனால் 2001-இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில், லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் ஆர்வலர்கள் உண்மையாகவே புறாக்களைப் பறக்க விட்டார்கள். கணினி ஒன்பது பொட்டலங்களை அனுப்பியது, நான்குக்குப் பதில் வந்தது. மிக வேகமாக வந்த பதிலுக்கே ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. மிகத் தாமதமாக வந்ததற்கு ஒன்றே முக்கால் மணி நேரம். கணினியின் திரையில் இதெல்லாம் வழக்கம் போல மில்லி விநாடிக் கணக்கில், ஏழு இலக்க எண்களாகப் பதிவானது. இணையத்தின் அடிப்படை விதிகள் எவ்வளவு பொறுமையானவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. செம்புக் கம்பியோ கண்ணாடி இழையோ இறகோ, எதன் வழியாகப் பொட்டலம் வந்தாலும் அவை ஏற்றுக்கொள்ளும்.

கதை அதோடு முடியவில்லை. 2009-இல் தென்னாப்பிரிக்காவில் தங்கள் இணைய இணைப்பின் மந்தத்தால் வெறுத்துப்போன ஒரு நிறுவனத்தார், வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிபி நினைவட்டையைக் கட்டி சுமார் 80 கிலோமீட்டர் அனுப்பினார்கள். புறா ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்தது. அட்டையிலிருந்த கோப்புகளைக் கணினியில் ஏற்றி முடித்ததையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் சொச்சம். அதே நேரத்தில் இணைய இணைப்பு அனுப்பி முடித்தது 4 சதவிகிதம்! ஒரு செய்தி போய்ச் சேர ஆகும் தாமதம் வேறு, ஒரே தடவையில் எவ்வளவு சுமக்கலாம் என்பது வேறு. பெர்கன் புறா முதலாவதில் தோற்றது. வின்ஸ்டன் இரண்டாவதில் வென்றது. பொறியியல் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்த வேறுபாட்டை, இரண்டு புறாக்கதைகளைக் கேட்ட குழந்தை வாழ்நாள் முழுக்க மறக்காது.

எதைக் காட்டினாலும் "இதனால் என்ன பயன்?" என்று முதல் கேள்வி கேட்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை. லாவா விளக்கு ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக்குள் மெழுகுக் குமிழ்கள் சோம்பலாக ஏறி இறங்குமே, அதுதான். அதைப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து யாராலும் யூகிக்க முடியாத எண்களை உருவாக்கலாம் என்று தொண்ணூறுகளில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தார் செய்து காட்டினார்கள். கணினி விதிப்படி நடப்பது; தானாக யூகிக்க முடியாத எண்ணைச் சொல்ல அதற்குத் தெரியாது. இணையத்தில் தகவலைப் பூட்டும் ரகசியச் சாவிகளுக்கோ அப்படிப்பட்ட எண்தான் வேண்டும். இன்று இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்க இந்த விளக்குகள் எரிகின்றன. கேமரா அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் கிடைக்கும் எண்களும் சேர்ந்துதான் இணையத்தின் ஒரு பெரும் பகுதியைப் பூட்டி வைக்க உதவுகின்றன.

இனி உங்கள் ஸ்மார்ட் கருவி. பயனுள்ளது என்று பெயர் வாங்கிய ஒன்றைச் சொல்கிறேன். வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்க ரிவால்வ் என்ற கருவி 300 டாலருக்கு விற்கப்பட்டது. ஆயுள் முழுக்கச் சந்தா என்று வாக்குறுதி வேறு. 2014-இல் அதைச் செய்த நிறுவனத்தை, கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம், அந்தக் கருவிகள் இணையம் வழியாக நம்பியிருந்த நிறுவனத்துக் கணினியை, அதாவது சர்வரை அணைத்தார்கள். வீடுகளில் நல்ல நிலையில் இருந்த கருவிகள் எல்லாம் அன்றோடு செத்துப்போயின. பழுது எதுவும் இல்லை. எங்கோ ஒருவர் முடிவெடுத்தார், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கியவருக்கு அதில் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. இதை நான் கொள்ளை என்றுதான் சொல்வேன்.

ஆகவே என் பரிந்துரை கருவி அல்ல, ஒரு சோதனை. எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டின் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். விளக்கு எரிகிறதா? பூட்டு திறக்கிறதா? இல்லையென்றால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் இயக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது. சிறிய கணினி ஒன்றில் நிறுவலாம். ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் இயங்கும் விளக்குகளும் உணரிகளும் வெளி சர்வர் இல்லாமல் அதோடு பேசும். அமைத்து முடிக்க ஒரு வாரக் கடைசி போய்விடும். வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால் அந்த வேலையை அவர்களிடமே விடுங்கள்.