தங்கைக்குத் துணை யார்? முதலில் வயதைச் சொல்லுங்கள்

கேள்வி: தங்கை வேலூரில் ஒரு கல்லூரியில் முதலாண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சீனியர் ஒருவன் விடாமல் பின்னால் வருவதும் மெசேஜ் அனுப்புவதுமாக இருக்கிறான். கல்லூரியில் சொல்வதா, போலீசுக்குப் போவதா? வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அழுகிறாள். அவளோடு கூட நிற்க யாராவது உண்டா?

பதில்:

உண்டு. ஆனால் அது யார் என்பது தங்கையின் வயதைப் பொறுத்தது. 18 முடிந்துவிட்டதா? ப்ளஸ் டூ முடித்த கையோடு சேரும் பிள்ளைகள் பலருக்கு முதலாண்டில் 17தான். இது எனக்கு எப்படி உறைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இதே ஊரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவில், அதாவது ஐசிசியில், ஆசிரியரல்லாத உறுப்பினராக மூன்று வருடம் இருந்தேன். ஐசிசி என்றால் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். எங்களை அவ்வளவுதான் தெரியும். அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குள் எங்கள் பெயர்ப் பட்டியல் தொங்கும். அதில் இரண்டாவது பெயர், ஓய்வு பெற்றுப் போய்விட்ட மேடமுடையது. சாவி யாரிடம் என்று கடைசி வரை தெரியவில்லை.

குடியாத்தம் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஒரே புத்தகத்தை ஒரே வாரத்தில் மூன்று தடவை புதுப்பித்தாள். நாலு மணிக்கு விளக்கை அணைக்கும்போதும் எழுந்திருக்க மாட்டாள். மூன்றாம் தடவை சீல் வைத்துக்கொண்டே, "யாரும்மா வெளியே நிக்கறது?" என்று கேட்டேன். அப்படியே கொட்டிவிட்டாள். "வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மேடம்" என்றாள். சரி, சொல்லமாட்டேன் என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். மறுநாள் அவளுடைய நூலக அட்டையை எடுத்துப் பார்த்தால், பிறந்த தேதிப்படி 17 வயது எட்டு மாதம். போட்டோவை ஒட்டிக் கொடுத்ததே நான்தான்.

18 முடியாத பிள்ளை என்றால் அது போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். வார்டனானாலும் நூலகக்காரியானாலும் இதுதான் நிலை. ஆக நான் கொடுத்த வாக்கு, கொடுக்கவே கூடாத வாக்கு. அதை மீறித்தான் சொன்னேன். வீட்டுக்கும் தெரிந்தது. அவள் அம்மா வந்து கேட்ட முதல் கேள்வி, "இன்னா மேடம், பேரு பேப்பர்ல வருமா?" வரக்கூடாது, சட்டம் தடுக்கிறது என்று சொன்னேன். அந்த அம்மாவின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம்.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. போக்சோ விதிகள்படி குழந்தைகள் நலக் குழு ஒரு துணையாளரை நியமிக்கலாம். சப்போர்ட் பர்சன் என்பார்கள். ஒரு பெண்மணி வந்தார். சத்துவாச்சாரி கோர்ட்டில் எந்த வாசல் வழியாகப் போகணும், எங்கே உட்காரணும், என்ன கேட்பார்கள், அடுத்த வாய்தா என்றைக்கு என்பதையெல்லாம் அவர்தான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னார். பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. கூடவே இருந்தார், அவ்வளவுதான். எனக்கு ஆதங்கம் என்னவென்றால், 17 வயதில் சட்டமே ஆள் அனுப்புகிறது, அதுவே 18 முடிந்த மறுநாள் நடந்தால் அந்த ஆள் கிடையாது. அப்புறம் நாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் நடந்தபோதே தங்கைக்கு 18 முடிந்திருந்தால், முடிவு அவளுடையது. அவள் சம்மதமில்லாமல் நீங்களும் புகார் கொடுக்கக் கிளம்பாதீர்கள். வீட்டுக்குச் சொல்லித்தான் ஆகணும் என்று ஐசிசியில் கட்டாயம் கிடையாது. புகார் விவரத்தை வெளியே விடக்கூடாது என்பதுதான் விதி. கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் தரலாம். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்கணும்.

புகாரில் "அசிங்கமாகப் பேசினான்" என்று எழுதினால் போதாது. அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். கை கூசும். எங்களிடம் ஒரு பெண் அந்த ஒரு வார்த்தையை எழுத முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். பேனா மூடியைக் கடித்துக் கடித்தே நசுக்கிவிட்டாள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கத்தான் ஆள் வேண்டும். நீங்கள் போங்கள், இல்லையென்றால் அறைத்தோழி போகட்டும். பிளாக் பண்ணுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், எண் தெரிகிற மாதிரி. சேமித்து வைத்த பெயர் மட்டும் தெரிந்தால், "இது நான் இல்லை" என்பான். புகாரின் நகலில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்காமல் அறையை விட்டு வரவேண்டாம்.

குழுவில் யாராவது, "சின்னப் பையன், வாழ்க்கை கெட்டுப்போயிடும், சமாதானமா போயிடலாமே" என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் குழுவிலும் ஆரம்பித்தார்கள். சமரசத்தைப் புகார் கொடுத்தவள் கேட்டால்தான் பேசவேண்டும். குழு அதை எடுத்து நீட்டக்கூடாது. காசு வாங்கி முடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. விசாரணை நடக்கும்போதே அவனைத் தள்ளி இருக்கச் சொல்லலாம், வேறு பிரிவுக்கு மாற்றலாம், தங்கைக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிகளில் இது இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள்.

கல்லூரியா போலீசா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது மனு வாங்கியதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். இல்லை. பின்தொடர்வது, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 78ஆவது பிரிவில் வரும் குற்றம், அதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும், நகலும் இலவசம். அவள் சொல்வதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்யணும். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை பார்க்கத் தேவையில்லை.

துணைக்கு ஆள் என்றால் 181, பெண்கள் உதவி எண். கூப்பிட்டால் சகி மையத்தோடு, அதாவது பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையத்தோடு இணைப்பார்கள். ஆலோசனை, தற்காலிகத் தங்கல், போலீசுக்குக் கூட வருவது எல்லாம் அங்கே உண்டு. வக்கீலுக்குச் செலவழிக்கவேண்டாம். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். போனில் 15100. ஐசிசி விசாரணை அறைக்குள் மட்டும் வக்கீலை அனுமதிக்க மாட்டார்கள்.

அந்தக் குடியாத்தம் பெண் படிப்பை நிறுத்தவில்லை. ஆனால் அதற்கப்புறம் புத்தகத்தை எப்போதும் இன்னொரு கவுண்டரில்தான் கொடுப்பாள். என் பக்கம் வரமாட்டாள்.

தங்கையின் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு கீழே எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.