ரேடியேஷன் தொடங்கப் போகிறது, அப்பா இன்னும் சிகரெட்டை விடவில்லை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 63 வயது. குரல்வளையில் புற்றுநோய். இரண்டு வாரத்தில் ரேடியேஷன் ஆரம்பம், கூடவே சிஸ்பிளாட்டின் கீமோ. நாற்பது வருடப் பழக்கம், இன்றைக்கும் நாளுக்குப் பன்னிரண்டு, பதினைந்து சிகரெட் போகிறது. டாக்டரிடம் விட்டுவிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறார். வீட்டில் பேச்சை எடுத்தால், 'வந்தது வந்துருச்சு, இனிமே விட்டு என்னம்மா ஆகப்போகுது' என்கிறார். திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது, சிகிச்சை முடியட்டும் என்று பெரியப்பா சொல்கிறார். ஜொகூரிலிருந்து வேப் (மின்சிகரெட்) வாங்கி வரலாமா என்று அண்ணன் கேட்கிறான். யார் பேச்சைக் கேட்பது?"

மூவர் பேச்சையும் கேட்க வேண்டாம். ஆனால் அப்பாவோடு சண்டையும் வேண்டாம்.

பெரியப்பா சொல்வதில் நல்லெண்ணம் இருக்கிறது, கணக்குதான் தலைகீழ். சிகரெட்டால் நோய் வந்தது, அதோடு அதன் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. சிகிச்சை நடக்கிற ஒவ்வொரு நாளும் அது குறுக்கே நிற்கும். ரேடியேஷன் புற்றணுவைக் கொல்வதற்கு அந்த இடத்தில் ஆக்சிஜன் வேண்டும். கதிர் பட்டு டிஎன்ஏ-வில் விழுகிற சேதத்தைப் புற்றணு சரிசெய்துகொள்ள முடியாமல் ஆக்குவது ஆக்சிஜன்தான். சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் துண்டு போட்டு வைத்துவிடுகிறது. காலையில் ஒன்று இழுத்துவிட்டு, தலை அசையாமல் பிடிக்கிற மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மெஷினில் படுத்தால், கதிர் அதே அளவுதான், பலன் குறைவு. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 115 பேரை வைத்துச் செய்து 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், ரேடியேஷன் நடக்கும்போதும் புகைத்தவர்களில் 45 சதவிகிதம் பேருக்குத்தான் கட்டி முழுதாக மறைந்தது. மற்றவர்களில் 74 சதவிகிதம். இரண்டு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள், புகைத்தவர்களில் 39 சதவிகிதம், மற்றவர்களில் 66. சிறிய ஆய்வுதான், பழையதும்கூட. ஆனால் 2014-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, நோய் கண்ட பிறகும் புகைப்பது மரண அபாயத்தைக் கூட்டுகிறது, இன்னொரு புற்றுநோய் புதிதாக வரவும் வழிவிடுகிறது என்று உறுதியாகவே சொல்லிவிட்டது.

அப்பாவின் "விட்டு என்ன ஆகப்போகுது"க்கு இதுவே பதில். ரஷ்யாவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 517 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் தெரிந்த பிறகு விட்டவர்கள் விடாதவர்களைவிட ஏறத்தாழ 22 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அது நுரையீரல், அப்பாவுக்குக் குரல்வளை, சரி. ஆனால் "இனி பயனில்லை" என்ற பேச்சு நிற்காது.

உடம்பு தாங்குமா? தாங்கும். எரிச்சல், தூக்கமின்மை, பசி, சில நாள் இருமல் எல்லாம் வரும், முதல் வாரம் மோசம், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். இதில் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. புகையிலுள்ள தார் வகை இரசாயனங்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கி வைத்திருக்கும். அந்த நொதிதான் காப்பியிலுள்ள கஃபீனைக் கரைக்கிறது. சிகரெட்டை நிறுத்தினால் நொதி மெதுவாகும், கஃபீன் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். நாளுக்கு நாலு கோப்பி-ஓ குடிக்கிற மனிதர் சிகரெட்டை மட்டும் விட்டால் படபடப்பும் தூக்கமின்மையும் இரட்டிப்பாகி, "பார்த்தியா, விட்டதும் உடம்பு கெட்டுப்போச்சு" என்பார். காப்பியையும் பாதியாகக் குறையுங்கள். கீமோ குமட்டலுக்குச் சில மருத்துவர்கள் தருகிற ஒலான்சபைனும் இதே நொதியில்தான் கரைகிறது. விட்ட பிறகு அந்த மாத்திரை கூடுதலாக மயக்கலாம். மருத்துவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான், குறை சொல்வதற்காக இல்லை.

மனவலிமையை மட்டும் நம்பி விடச் சொல்லாதீர்கள். நாற்பது வருடப் பழக்கத்துக்கு மருந்து வேண்டும். தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பேட்ச்சையும் மெல்லுகிற நிக்கோட்டின் கம்மையும் சேர்த்துப் பயன்படுத்துவது, தனியாக ஒன்றைப் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது. "நிக்கோட்டினே புற்றுநோய்தானே" என்று கேட்பீர்கள். புற்றுநோயை உண்டாக்குவது புகையோடு வரும் மற்ற நச்சுகள். பேட்ச்சில் அவை கிடையாது. நிக்கோட்டின் அறவே நல்லது என்று சொல்லவில்லை, அப்பாவின் நிலைமையில் சிகரெட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவருக்கு வழக்கமாக 21 மில்லிகிராம் பேட்ச், ஆறு வாரம் கழித்து 14, அப்புறம் 7. தினமும் காலையில், முடியில்லாத காய்ந்த தோலில், தினம் ஓர் இடம் மாற்றி ஒட்டலாம்: மேல்கை, இடுப்பு. கழுத்தில் கதிர் படுகிற பகுதிக்குப் பக்கத்தில் வேண்டாம். கெட்ட கனவு வந்தால் இரவில் எடுத்துவிடலாம்.

கம் மெல்லுகிற விதத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மிட்டாய் போலக் கடகடவென்று மென்றால் விக்கல், நெஞ்செரிச்சல். இரண்டு மூன்று முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி. காப்பி குடித்த உடனே போட்டால் நிக்கோட்டின் சரியாக ஏறாது, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். 1992-லிருந்து சூயிங்கம்முக்குத் தடை இருக்கிற ஊரில் இது எங்கே கிடைக்கும் என்று திகைக்காதீர்கள், மருத்துவக் காரணத்துக்கான கம்முக்கு 2004-லேயே விலக்கு வந்துவிட்டது. மருந்துக்கடையில் பார்மசிஸ்டிடம் கேளுங்கள். ஆனால் ரேடியேஷன் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகும், அப்போது கம் ஆகாது, பேட்ச் மட்டும். புகைக்கும் ஆசையைக் குறைக்கிற வரெனிக்ளின் மாத்திரையும் உண்டு, நல்ல மருந்து, ஆனால் அதுவே குமட்டும், சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை வேறு பதம் பார்க்கும் என்பதால் அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

"பதினைந்திலிருந்து நாலுக்குக் குறைச்சுட்டேன்" என்பாரானால் பாராட்டுங்கள், ஆனால் அதில் நிற்க விடாதீர்கள். குறைவாகப் பிடிப்பவர் ஒவ்வொன்றையும் ஆழமாக, கடைசி வரை இழுப்பார்.

வேப் பற்றி அண்ணனிடம் நேராகவே சொல்லுங்கள்: இங்கே வைத்திருப்பதே குற்றம், 2018 பிப்ரவரியிலிருந்து. 2025 செப்டம்பர் முதல் தண்டனை கூடியிருக்கிறது, பெரியவர்களுக்கு முதல் தடவைக்கே 700 வெள்ளி அபராதம். எல்லை தாண்டிக் கொண்டு வருவது இன்னும் பெரிய வம்பு. பிடிபட்ட சில வேப்களில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தே கலந்திருந்தது. புண்ணான தொண்டையில் இதை இழுக்க எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

இனி, டாக்டரிடம் சொன்ன பொய். அப்பாவை அவர் முன்னால் காட்டிக்கொடுக்க வேண்டாம். மானப் பிரச்சினையாகி இன்னும் ஒளிந்து புகைப்பார். ரேடியேஷன் தொடங்குமுன் பல் பரிசோதனை, மாஸ்க் செய்வது என்று பல தடவை போவீர்கள். அப்பாவிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, அந்தச் சந்திப்பு ஒன்றில் தாதியிடம், "அப்பாவால் விட முடியவில்லை, உதவி வேண்டும்" என்று சொன்னால் போதும். இந்தப் பொய்யை அவர்கள் தினமும் கேட்கிறார்கள், யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 எண்ணிலும் ஆலோசகரிடம் பேசலாம்.

நோய் முற்றி, வலி தணிக்கும் கவனிப்பு மட்டுமே மிச்சம் என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். அப்பா குணமாகும் நோக்கத்தோடு சிகிச்சைக்குப் போகிறார், அதனால்தான் சொல்கிறேன்.

ஏழு வாரம் போல நடக்கிற ரேடியேஷனின் நடுவில் வலியாலேயே பலர் தானாக நிறுத்திவிடுவார்கள். ஆபத்து அதற்குப் பிறகுதான்: தொண்டை ஆறி, பழைய நண்பர்களோடு காப்பிக்கடையில் உட்கார ஆரம்பிக்கும்போது. கதிர் பட்ட தாடை எலும்பு ஆறாமல் போவதற்கும் அப்போது புகைப்பது ஒரு காரணம். எனவே சிகிச்சை முடிந்ததும் பேட்ச்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடுவில் ஒன்று பிடித்துவிட்டாலும் பேட்ச்சைப் பிய்க்க வேண்டாம், அதை ஒட்டிக்கொண்டு ஒரு சிகரெட் பிடித்தால் ஆபத்தில்லை. மறுநாள் காலையில் புதியதை ஒட்டிவிட்டு, மருந்தின் அளவு போதவில்லையா என்று பார்மசிஸ்டிடம் கேளுங்கள்.