ஆச்சியைக் கேளுங்கள்: தொண்ணூறு நாள் கழித்து வீடு

கேள்வி: ஆச்சி, மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனி போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். போகும்வரை இந்தப் பெரிய வீட்டைப் பெருக்கித் துடைத்தே ஆயுசு கழிகிறதே என்று புலம்பியவள் நான். இப்போது வீட்டு நடு முற்றமான வளவில் விழும் வெயிலைப் பார்த்தாலே கண் கலங்குகிறது. இது எத்தனை நாளைக்கு இருக்கும்?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இருபது நாள் இருந்தது.

நானும் மகன் வீட்டுக்கு அதே நாட்டுக்குத்தான் போனேன், அதே 90 நாள் விசா, அதுவும் நவம்பரில். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை கொத்தமல்லி வாங்க மறந்தால் திங்கட்கிழமை வரை கொத்தமல்லி இல்லாத ரசம்தான். அதுகூடப் பரவாயில்லை. துணியை வீட்டுக்குள்ளேயே ஸ்டாண்டில் விரித்துப்போட்டால் இரண்டு நாளானாலும் தொட்டால் சில்லென்றே இருக்கும். நம் ஊரில் பத்து மணிக்குப் போட்ட துணியைப் பன்னிரண்டு மணிக்கு எடுக்காவிட்டால் சாயம் போய்விடும், அந்த வெயிலை 'பாழாய்ப்போன வெயில்' என்றுதானே ஐம்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் எனக்கு உறைத்தது காலி பாட்டிலில். அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள், காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினில் கொண்டுபோய்ப் போட்டால்தான் அந்தக் காசு திரும்பும். வாராவாரம் மகன் பை நிறையப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குளிரில் நடப்பான், நானும் கூட நடப்பேன். கண்ணாடி ஜாடிகளுக்குத் தெருமுனையில் தனித் தொட்டி, அதிலும் வெள்ளைக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. அங்கே நிற்கும்போதுதான் நம் தெருவில் 'பழைய பேப்பர், பழைய இரும்பு' என்று குரல் கொடுத்துக்கொண்டு சைக்கிளில் வருகிற மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். நான் திண்ணையை விட்டு இறங்கியதே இல்லை. அவரே வந்து, பிரித்து, எடை போட்டு, காசும் கொடுத்துவிட்டுப் போவார். தராசில் அடிக்கிறார் என்று அவரோடு சண்டை வேறு போட்டிருக்கிறேன்!

ஊர் அருமை, ஊர் அருமை என்று உருகுகிறோமே, அதில் பாதி இப்படி யாரோ ஒருவர் நமக்காகச் செய்துகொண்டிருக்கும் வேலைதான். உங்கள் மகள் வீட்டில் பாத்திரம் யார் தேய்த்தார்கள், நீங்களா மாப்பிள்ளையா? இங்கே யார்? கண் கலங்கிக்கொண்டிருக்கும்போதே வேலைக்கு வருகிற பெண்ணுக்குச் சம்பளத்தைக் கூட்டிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவும் சொல்லிவிடுங்கள். இருபத்தோராம் நாள் மனசு வராது, அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த என் தம்பி எதைப் பார்த்தாலும் 'அங்கே இப்படி இல்லை' என்கிறான். காது புளித்துவிட்டது.
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஊரணிக் கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் ஹாரன் சத்தத்தையும் பற்றிச் சொல்கிறான் என்றால் சரியாகத்தானே சொல்கிறான்? நமக்குப் பழகிவிட்டது, அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டைக் குறை சொன்னால் மட்டும், அங்கே ஒரு ரூமில் எத்தனை பேர் படுத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டுவையுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் பேரனுக்கு என்ன கொடுத்துவிடலாம்?
- தேவகோட்டை வாசகர்

பதில்: தேன்குழல், சீப்புச் சீடை. பால்கோவா வேண்டாம், பால், இறைச்சி சேர்ந்ததை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். என் மகன் கேட்டது தென்னந் துடைப்பம்.

கேள்வி: பர்மா, மலேயா போன நம் பாட்டன்மாரும் இப்படித்தான் வீட்டை நினைத்து ஏங்கியிருப்பார்களா?
- ஒரு கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: முதலில், எந்த வீட்டை நினைத்து? செட்டிநாட்டில் நாம் 'நம்ம வீடு' என்று பெருமையடிப்பதில் எத்தனையோ வெளியூர்ச் சரக்கு. தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலி மார்பிள், முகம் பார்க்கும் கண்ணாடி பெல்ஜியம். கல்யாணப் பந்தியில் வைக்கிற கவுனி அரிசியே பர்மாவிலிருந்து வந்ததுதான், நாக்குக்குப் பழகி நம் ஊர்ப் பலகாரம் ஆகிவிட்டது.

கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போனவர்களுக்கு ஒரு தடவை போனால் மூன்று வருஷக் கணக்கு. ரங்கூனோ பினாங்கோ சிங்கப்பூரோ, நம்மவர்கள் கூட்டாகத் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பெட்டி, அதற்கு முன்னால் கொஞ்சம் தரை; பகலில் அதுதான் கடை, ராத்திரி அங்கேயேதான் படுக்கை. ஒரு பாய் அளவு இடத்தில் மூன்று வருஷம் முடங்கிக் கிடந்தவர், ஊருக்கு வந்து இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற மாதிரி வீடு கட்டினால் அதில் என்ன ஆச்சரியம்?

ஏங்கினார்கள், சந்தேகமே வேண்டாம். எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ரங்கூனிலிருந்து எழுதிய கடிதாசி எல்லாம் கும்மாயம் என்கிற உளுந்து இனிப்பில் போய்த்தான் முடியுமாம். இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, மழை பெய்தால் வளவில் கொட்டும் தண்ணீரை அண்டா அண்டாவாகப் பிடித்துக்கொண்டு இருந்தது அப்பத்தா. 'அவுகளுக்கு நெனப்பு, எனக்கு ஒலக்கை' என்பார்.

1942இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் புகுந்தபோது காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஐயாவும் ஒருவர். வந்த புதிதில் காலையும் மாலையும் கும்மாயம் கேட்டாராம். அப்பத்தாவும் சளைக்காமல் கிண்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாசம் போயிருக்கும், 'இனிப்புக் கூடிப்போச்சே' என்றாராம் ஐயா.